சிவப்பு விளக்கும் முப்பது விநாடியும்

வருங்காலச் சந்ததிகள் பித்தளைத் தகட்டில் பொறித்து நாற்சந்தியில் நிறுத்தி வைக்கவேண்டிய செய்தி இது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு, மாடியும் கீழுமாக இரண்டு குடும்பங்கள் வாழும் ஒரு வீட்டின் கூடத்தில், ஷோகேஸ் மேல் வீற்றிருந்த மோடத்தில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த எழுபது நிமிடங்களில் அந்த வீட்டில் சிந்திய ரத்தத்தை யாரும் முறையாக அளக்கவில்லை. துடைத்த துணிகள் மட்டும் நான்கு.

மோடம் அண்ணனுக்குச் சொந்தம். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் அலுவலகத்துக்குத் தெரியும். அவருக்கு இன்னும் முறைப்படி தெரிவிக்கப்படவில்லை. குளியலறை விளக்கை அணைப்பதற்குக்கூட எண் போட்டு, தேதி போட்டு, உத்தரவு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவார். தெருவில் அவருக்கு 'ஆர்டர்' என்று பெயர். மாடியில் இருக்கும் தம்பிக்கு லாரி டயர் பட்டறை. ஒரு கையால் சக்கரத்தைத் தூக்குவார் என்பதால் 'ஜாக்கி'. கீழே இருக்கும் மோடத்திலிருந்துதான் மாடிக்கும் நெட் போகிறது. ஜாக்கி ஏதாவது எதிர்த்துப் பேசினால் ஆர்டர் அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிடுவார். ஜாக்கி இறங்கி வந்து ஷோகேஸ் கண்ணாடியை உடைப்பார். புதுக் கண்ணாடியும் பழைய பாஸ்வேர்டும் ஒரே நாளில் திரும்பும். இரண்டு குடும்பங்களும் ஒற்றுமையாக இருப்பதாக உறவினர்கள் சொல்வது இதைத்தான்.

அந்த வம்சத்தில் ரிப்பேர் என்றால் அடிப்பது. மிக்ஸி நின்றால் அடி, டிவி மங்கினால் அடி. ஆர்டர் விரித்த உள்ளங்கையால் இடப்பக்கம் அடிப்பார், கோப்பில் முத்திரை குத்துவதுபோல. ஜாக்கி முஷ்டியால் மேலிருந்து இறக்குவார். முன்பு இருந்த கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று ஒருநாள் அதை மாடிப் பால்கனியிலிருந்து எறிந்தார்கள். அது வேகமாகப் போனது அந்த ஒரு முறைதான். இந்த வைத்தியம் இயந்திரங்களோடு நிற்கவில்லை என்பதற்கு ஆர்டரின் மகளுடைய இடது காது சாட்சி. இருபத்துநான்கு வயதில் அவளுக்கு அந்தப் பக்கம் பாதிதான் கேட்கும்.

அந்த மகளுக்குத்தான் அன்று பதினொரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. கப்பலில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில், ஆவணங்களைச் சரிபார்க்கிற வேலை. சம்பளம் சுமார்தான். ஆனால் அலுவலகம் இருந்த ஊர் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி. அவள் விண்ணப்பித்தது அந்த அறுநூறுக்குத்தான். ஏற்கெனவே மூன்று கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. இதுவும் போனால் பெண் பார்க்க வருகிறவர்கள் தயாராக இருப்பதாக உத்தரவு எண் நாற்பத்தொன்றில் தெளிவாகப் போட்டிருந்தது. அவளுடைய போனில் நெட் பிடிக்க வேண்டுமானால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். மொட்டை மாடிச் சாவி ஆர்டரின் இடுப்பில்.

"அப்பா, அடிக்காதீங்க. ரெண்டு நிமிஷம் பார்ப்போம்" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கை இறங்கிவிட்டது. சிவப்பு விளக்கு இமைத்தது. பக்கத்திலிருந்த இன்னொரு விளக்கும் சிவப்பானது.

"என்னங்க, அது கம்பெனிக்காரன் பொருள்" என்றாள் அம்மா சமையலறை வாசலிலிருந்து. "அடிச்சா வாயை மூடிட்டு இருக்க அது என்ன நம்ம வீட்டு மனுஷங்களா?"

"உன் கருத்து பதிவு செய்யப்பட்டது. உள்ள போ."

அதற்குள் மாடிப்படி அதிர்ந்தது. ஜாக்கி பனியனோடு வந்து நின்றார். கையில் டயர் கழற்றும் இரும்பு நெம்புகோல். வேலைக்குக் கிளம்புகிற நேரம், அதனால் கையில் இருந்தது என்று பிறகு போலீஸில் சொன்னார்.

"அண்ணே, மறுபடியும் பாஸ்வேர்டை மாத்திட்டியா?"

"நான் மாத்தல. லைன் போயிருக்கு."

"லைன் போகும், லைன் வரும். நீ எங்க போவே? இங்கதானே குந்தியிருக்கே!"

"சித்தப்பா, நெசமாவே லைன்தான் போயிருக்கு. எனக்குப் பதினொரு மணிக்கு இன்டர்வியூ. கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்றாள் மகள். அப்படியே நெட் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

நான்கு நிமிட இசைக்குப் பிறகு ஒரு பெண் குரல் வந்தது. "வணக்கம். உங்கள் பொறுமைக்கு நன்றி." பொறுமை என்ற சொல் அந்த வீட்டுக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை. "மோடம் பிளக்கைப் பிடுங்கிட்டு, முழுசா முப்பது விநாடி அப்படியே விடுங்க. உள்ள இருக்கிற கரண்ட் மொத்தமும் இறங்கணும். அப்புறம் மாட்டுங்க. நடுவுல தொட்டா சரியாகாது. எதுக்கும் நம்ம ஆளும் பக்கத்துத் தெருவுலதான் இருக்கார், அனுப்பி வைக்கிறேன்."

எத்தனை எளிமை! மருந்து வேண்டாம், கருவி வேண்டாம். முப்பது விநாடி எதையும் செய்யாமல், யாரையும் எதுவும் சொல்லாமல் சும்மா நிற்க வேண்டும். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம்.

முதல் முயற்சியை ஆர்டர் ஏற்றார். பிளக்கைப் பிடுங்கிக் கையில் பிடித்தபடி, கொடியேற்றப் போகிறவர்போல நிமிர்ந்து நின்றார். "ஒன்று... இரண்டு..."

"அண்ணே, இது விநாடியா, வாரமா? உன் ஆபீஸ்ல ஒரு கையெழுத்துக்கு மூணு மாசம் ஆக்குவீங்களே, அந்தக் கணக்கா?"

"டேய், குறுக்க பேசாதே. விட்டுப்போச்சு பார். ஒன்பதா, பத்தா?"

"பதினாறு!"

"ஒன்பதுடா!"

"நீ தூங்கி எந்திரிச்சு வந்து ஒன்பதுன்னா ஒன்பதா?"

தம்பியை அறைவதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டதால் ஆர்டர் பிளக்கை மாட்டினார். அறை விழுந்தது. சிவப்பு எரிந்தது. மணி பத்து பதினைந்து.

இரண்டாவது முயற்சிக்கு ஜாக்கி கைக்கடிகாரத்தோடு வந்தார். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தாலும் ஒழுங்காகத்தான் எண்ணினார். பதினான்கு வரை வந்துவிட்டார். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிறுத்து" என்றார் ஆர்டர். "கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?"

"பதினஞ்சு... உன் பேர்ல... பதினாறு..."

"அப்ப எண்றதுக்கு உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தா?"

ஜாக்கி பதினேழைச் சொல்லவில்லை. மேசையிலிருந்த கீபோர்டைத் தூக்கி அண்ணன் முகத்தில் அடித்தார். எழுத்துகள் கூடமெங்கும் தெறித்தன. முப்பது வருடம் எழுத்து எழுத்தாகக் குறிப்பெழுதிய மனிதரின் உதட்டைக் கிழித்தது எந்த எழுத்து என்று தெரியவில்லை. ஆர்டர் வாயில் ரத்தம் ஒழுக, மவுஸை வயரோடு சுழற்றித் தம்பியின் புருவத்தில் இறக்கினார். புருவம் பிளந்து கண்ணை ரத்தம் மூடியது. கண் தெரியாத ஜாக்கி, அண்ணன் என்று நினைத்து ஷோகேஸைக் குத்தினார். கண்ணாடி உடைந்து முழங்கை வரை கீறியது. இதற்கிடையில் சாக்கெட்டில் பாதி தொங்கிக்கொண்டிருந்த பிளக், யாரோ ஒருவருடைய கால் பட்டு முழுசாக மாட்டிக்கொண்டது. சிவப்பு.

பத்து முப்பத்தைந்துக்கு லைன்காரர் வந்தார். தோளில் ஏணி, கையில் பை, முகத்தில் புன்னகை. பாவம், புதுசு.

"வெளியில லைன் நல்லா இருக்கு சார். மோடம்தான் எங்கேயோ மாட்டிக்கிட்டு நிக்குது. ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"ரெண்டு தடவை பண்ணியாச்சு" என்றார்கள் சகோதரர்கள் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

லைன்காரர் தரையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து. பத்து. பதினைந்து. மகள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது.

ஜாக்கிக்குப் பொறுக்கவில்லை. "யோவ், வந்ததுலேர்ந்து பார்க்கிறேன், சும்மாவே நிக்கிறே?"

"சார், இதுதான் சார் வேலை."

"சும்மா நிக்கிறது வேலையா? எங்க பட்டறையில இப்படி நின்னா என்ன பண்ணுவேன் தெரியுமா?"

பிளக்கைப் பிடித்து மாட்டினார், சிவப்பு. பிறகு செய்து காட்டினார். லைன்காரரின் மூக்கெலும்பு முறிந்த சத்தம் மகளின் இடது காதுக்கே கேட்டது. அவர் சரிந்து விழ, ஏணி ஆர்டரின் தோள்பட்டையில் சாய்ந்தது. தன்னைத் திட்டமிட்டுத் தாக்கியதாக முடிவெடுத்த ஆர்டர், கீழே கிடந்தவரின் விலாவில் மிதித்தார். லைன்காரர் தவழ்ந்து வாசலை அடைந்து, எழுந்து ஓடினார். ஒரு பல்லும் ஏணியும் உள்ளேயே தங்கிவிட்டன. போகிற போக்கில் கம்பெனிக்குப் போன் செய்யாமல் போலீஸுக்குச் செய்தார், விவரமான ஆள்.

பத்து ஐம்பது. ஜாக்கி நெம்புகோலை ஓங்கிக்கொண்டு மோடத்தை நோக்கி வந்தார். "இந்தச் சனியனை ஒழிச்சாத்தான் இந்த வீட்டுக்கு நிம்மதி."

மகள் மோடத்துக்கு முன்னால் போய் நின்றாள். "சித்தப்பா, என்னைத் தாண்டிப் போங்க பார்ப்போம்."

"நகரு, பாப்பா."

"நகர மாட்டேன்."

இரும்பு மேலே போனது. அது இறங்கியிருக்கும். ஆனால் தன் மகளை அடிக்கும் அதிகாரம் தனக்கு மட்டுமே உரியது என்பதில் ஆர்டர் கறாரானவர். பின்னாலிருந்து தம்பியின் கழுத்தை வளைத்துப் பிடித்தார். இருவரும் கட்டிப் புரண்டு, நாற்காலியை உடைத்து, வாசற்படி தாண்டி வெளித் தாழ்வாரத்தில் போய் விழுந்தார்கள். இரும்பு ஒருமுறை இறங்கியது. ஆர்டரின் முன்கை மரக்கிளை முறிவதுபோல முறிந்தது. அவர் போட்ட கூச்சலில் உத்தரவு எண் எதுவும் இல்லை.

மகள் கதவைச் சாத்தித் தாழிட்டாள். அம்மா வந்து, கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"பிடுங்கும்மா" என்றாள் அம்மா. "நான் பிடிச்சுக்கிறேன்."

பிளக் வெளியே வந்தது. ஒன்று. இரண்டு.

"கதவைத் திறடி!" என்றது ஆர்டரின் குரல். ஏழு. எட்டு. முதல் இடி விழுந்தது. பதினொன்று. இரண்டாவது இடியில் மேல் கீல் ஆடியது. மரச்சிம்பு ஒன்று பிய்ந்து அம்மாவின் தோளில் ஏறியது. பதினேழு. "அண்ணி, ஒதுங்கிடுங்க, அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க!" இருபத்தொன்று. நெம்புகோலின் நுனி அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் கதவைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அவள் அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நகரவில்லை.

"எத்தனை?"

"இருபத்தஞ்சு."

"அவசரப்படாதே. முழுசா எண்ணு."

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

மகள் பிளக்கை மாட்டினாள். சிவப்பு. ஆரஞ்சு. ஆரஞ்சு இமைத்தது. பிறகு பச்சை.

பத்து ஐம்பத்தெட்டுக்கு அவள் தலையை வாரி, ஹெட்போனை வலது காதில் பொருத்தி, உடையாத நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். திரையில் மூன்று பேர் வந்தார்கள். கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னாள். பின்னால் இடி நிற்கவில்லை.

"அது என்ன சத்தம்?" என்றார் நடுவிலிருந்த அதிகாரி.

"கதவு வேலை நடக்குது சார்."

"நெருக்கடியான நேரத்துல நீங்க எப்படி வேலை செய்வீங்க?"

"முதல்ல முப்பது வரைக்கும் எண்ணுவேன் சார்."

மூவரும் சிரித்தார்கள். நல்ல பதில் என்று ஒருவர் குறித்துக்கொண்டார். பதினொன்றே காலுக்குப் போலீஸ் வந்து இரண்டு உடன்பிறப்புகளையும் ஒரே வண்டியில் ஏற்றியது. ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குக் கையில் மாவுக்கட்டு, தம்பிக்குப் புருவத்தில் ஏழு தையல். தன் உள்ளங்கையால்தான் மோடம் சரியானது என்று அண்ணனும், வெளியிலிருந்து தான் கொடுத்த அதிர்ச்சியால்தான் என்று தம்பியும் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்தபடி வாதாடினார்கள். நர்ஸ் நடுவில் திரை போட்டாள்.

மூன்று வாரம் மகள், கம்பெனி அலுவலகம் இருந்த ஊரில் பெண்கள் விடுதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து தாழிடும் அறையா என்று மட்டும் ஒவ்வொன்றிலும் போன் போட்டுக் கேட்டாள். இரண்டு இடத்தில் ஆமாம் என்றார்கள்.

நான்காவது வாரம் கடிதம் வந்தது. அவளைத் தேர்ந்தெடுத்ததில் நிறுவனம் மகிழ்ச்சி அடைந்தது. அவளுடைய வீட்டில் இணைய இணைப்பு மிகவும் சிறப்பாக இருந்ததால், அவள் ஊர் மாறி வரத் தேவையில்லை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று எழுதியிருந்தது.