நூற்றுப் பத்து ராத்தல்

வெள்ளைக்காரன் காலத்தில் குழந்தைவேலு ஏணியில் கால் வைத்தால் ஏணிக்கு உயிர் போகும். மலாயாவில் கூலிம் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. ரப்பர் ஷீட் காயும் புகைக்கொட்டகையில் தீப்பிடித்தால் பம்பு அடித்து அணைக்கும் படையில் அவன்தான் பெருத்த ஆள். "தொப்பையைக் குறைடா" என்று துரை திட்டாத நாளில்லை. ஜப்பான்காரன் வந்து ஒரே வருஷத்தில் அரிசியும் போனது, தொப்பையும் போனது.

அதோடு விட்டானா பாவி? நூற்றுப் பத்து ராத்தலுக்குக் குறைந்தவன் பம்பு அடிக்க லாயக்கில்லை, அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பு என்று உத்தரவு போட்டான். மாதம் ஒருமுறை, ஷீட் நிறுக்கும் தராசில் ஆட்களை ஏற்றினார்கள். சயாமுக்குப் போனவர்களில் ஒருவனும் இன்னும் திரும்பவில்லை. போன மாதம் குழந்தைவேலு தப்பியது இரண்டே ராத்தலில். அன்றிலிருந்து அவன் மனைவி மருதம்மாள் தன் பங்கு மரவள்ளிக்கிழங்கையும் அவன் தட்டில் தள்ளினாள்.

இந்த மாதம் தராசு நூற்று இருபத்தாறு காட்டியது. கன்னம் உப்பி, கால் தூண் மாதிரி இருந்தது. மருதம்மாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவனை இழுத்துக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் மணியத்திடம் ஓடினாள்.

"ஐயா, கெழங்கத் தின்னே உடம்பு தேறிடுச்சு பாத்தீங்களா!"

டிரசர் குழந்தைவேலுவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விழுந்த பள்ளம் அப்படியே நின்றது.

"இது சதை இல்ல மருதம்மா, தண்ணி. கெழங்கையே தின்னா வர்ற பெரிபெரி நோவு. நெஞ்சுக்கு ஏறிச்சுன்னா ஆளு தங்க மாட்டான். அரிசித் தவிடு தாரேன், குடு. நீர் வடிஞ்சிடும்."

"வடிஞ்சா நிறை எவ்வளவுங்க இருக்கும்?"

"நூறக்கூடத் தாண்டாது."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது சத்தம் போடும். மருதம்மாள் பேசாமல் தவிட்டை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

வீட்டில் குழந்தைவேலு கெஞ்சினான். "வேணாம் புள்ள. இப்படியே இருந்தா உன்கூடவே இருந்துடலாம்ல."

"எத்தனை நாளைக்கு?"

அவள் தவிட்டில் உப்புப் போட்டுப் பிசைந்தாள்.

"சயாம்லேருந்து ஓடியாச்சும் வரலாம். சுடுகாட்டுலேருந்து வர முடியுமா? வாயத் தொற."

தன் கையாலேயே அவனைச் சயாமுக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்தே, அழுதுகொண்டு ஊட்டினாள்.