பத்மநாபனின் பச்சை ஒளி

மனித குலத்தின் வைத்திய சரித்திரம் இனி இரண்டாகப் பிரியும்: பத்மநாபனுக்கு முன், பத்மநாபனுக்குப் பின். இப்படிச் சொன்னவர் பத்மநாபனேதான். சொன்ன இடம், புனேயில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கேன்டீன். கேட்டவள், அவரிடம் ஆராய்ச்சி செய்யும் ப்ரீத்தி ஒருத்திதான்.

2004ஆம் வருஷம். இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசான் என்ற பொருளைக் கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களாக்கி, அவற்றின் முதுகில் ஒரு ஜீனை ஏற்றிச் செல்லுக்குள் அனுப்புவது அவர் திட்டம். ஜீன் உள்ளே போய் வேலை செய்தால், நீல வெளிச்சத்தில் செல் பச்சையாக ஒளிரும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்க, செல்களை வைத்து ப்ரீத்தி தயாரித்த கண்ணாடி வில்லைகள் இதுவரை எல்லாமே அமாவாசை. இன்று ஆராய்ச்சியைப் பரிசீலிக்கக் கமிட்டி வருகிறது. ஒளி தெரியாவிட்டால் ஆய்வகத்தையே மூடிவிடுவார்கள்.

"உன் கைராசி போறாதும்மா. க்ளவுஸை மாட்டிண்டா விரலுக்கு உணர்ச்சி ஏது? இன்னிக்கு மூடு கண்ணாடியை நான் வைக்கறேன்" என்றார், மனைவி கோதை கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை உருட்டியபடி. ஸ்பூனால் சாப்பிடுவதை அவர் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. கையைத் தண்ணீரில் நனைத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டு நேராக ஆய்வகம் போனார். வில்லையை மூடும் மெல்லிய கண்ணாடியை வெறும் விரலால் எடுத்து வைத்தார்.

மைக்ரோஸ்கோப்பில் உருண்டை உருண்டையாகப் பச்சை ஒளி!

கமிட்டித் தலைவர் ஸ்வாமிநாதன் குனிந்து பார்த்தார். "பிரமாதம்! தீபாவளின்னா நடக்கறது உள்ளே! இத்தனை நாள் ஏன் வரலை?"

"கை சார். எல்லாம் கை."

"ஜீனே போடாத செல்லையும் பார்த்துடலாமே. ஒப்பிட ஒண்ணு வேணுமோல்லியோ?"

"பேஷா பாருங்கோ. அதுல இருட்டைத் தவிர என்ன இருக்கப்போறது?"

ப்ரீத்தி கையுறையோடு முன்னே வந்தாள். "நகரும்மா, நீ தொட்டா அப்பறம் இதுலயும் ஒண்ணும் தெரியாது" என்று அவரே மூடினார்.

அதுவும் ஒளிர்ந்தது. முன்னதைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே.

புனேயின் வானவடியிலேயே வளர்ந்த ப்ரீத்திக்குத் தமிழ் தட்டித் தடுமாறித்தான் வரும். "சார்... உங்க விரல்ல ஹல்தி... மஞ்சப்பொடி இருக்கு. ஹல்தியும் ப்ளூ லைட்ல பச்சையாதான் தெரியும்."

பத்மநாபன் தன் மஞ்சள் விரல்களைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். ப்ரீத்தி இரண்டு வில்லைகளுக்கும் மூடு கண்ணாடியை மாற்றினாள். இரண்டும் இருட்டாக இருந்தன. ஸ்வாமிநாதன் பிரமாதம் என்று சொன்னது எலுமிச்சை சாதத்து எண்ணெய்த் துளிகளை.