விழப் பழகிய குதிரை

1

ஒரு ஷெரீஃபை வைத்துக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரிகூடத் தயார்:

செம்மண் புழுதிக்குள்ளிருந்து தன்னந்தனியாக ஒருவன் குதிரையில் வந்தான். அவன் கண்களில்

அதற்கு மேல் ஓடவில்லை. அவன் கண்களில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தக் கண்களை எத்தனை படங்களில் பார்த்தாயிற்று! அந்த வரியை அடித்துவிட்டு நிமிர்ந்தபோது, படப்பிடிப்புக் குழுவுக்கு நான் சமைத்துப்போடும் சாப்பாட்டு வண்டியின் ஜன்னலுக்கு வெளியே, காயென்டா ஊரின் சிவந்த மேட்டில், ரமோனாவின் குதிரை விழுந்தது.

விழக் கூடாத காட்சியில். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ. ஷெரீஃபை அங்கேயே விட்டுவிட்டேன்.

2

ரமோனா பிட்சூயிக்குத் தொழிலே விழுவதுதான். கௌபாய்களின் குதிரைப் படங்களில் அவள் அப்பாவும் விழுந்தவர். அந்தக் காலத்தில் கதை சுலபம். தொப்பிக்காரர் சுடுவார், இந்த மண்ணின் பழங்குடியான தினே ஆள் விழுவார். [காலையில் விழுந்தவரே மதியம் தலையில் வேறு இறகைச் செருகிக்கொண்டு மறுபடியும் விழுவார். யாரும் கேட்டதில்லை.]

பிறகு படங்கள் மாறின. கதாநாயகனுக்குத் தாடி வளர்ந்தது, சட்டை அழுக்கானது. சுட்ட பிறகு தனியே உட்கார்ந்து குடித்தான், தன்னையே வெறுத்தான். விமர்சகர்கள் புல்லரித்துப்போனார்கள். குற்றவுணர்ச்சி அவனுக்கு வந்தது, உண்மைதான். விழுகிற வேலை மட்டும் ரமோனாவிடமே இருந்தது.

(இந்தப் பத்தி கட்டுரை மாதிரி ஆகிவிட்டது. இருக்கட்டும். இதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்து வருவதன் கனம் புரியும்.)

இப்போது இந்த மண்ணிலேயே பிறந்த டானா எட்சிட்டி ஒரு குதிரைப் படம் எடுக்கிறாள். அதில் வீட்டுக்குத் திரும்பும் ஒரு பெண். ஷெரீஃபின் ஆட்கள் சுடுகிறார்கள். அவள் விழாமல் மேட்டைத் தாண்டி வீடு போய்ச் சேர்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ரமோனாவின் முகம் முதன்முறையாகத் திரையில் தெரியப் போகிறது.

ஆனால் துப்பாக்கி வெடித்த கணமே சார்ஜென்ட் என்ற அவள் குதிரை பக்கவாட்டில் மடங்கி, மெத்தைபோன்ற மண்ணில் படுத்துவிடுகிறது. அது கற்ற ஒரே வித்தை.

3

"அக்கா, உன் குதிரை என்னைவிட நிறைய கௌபாய் படம் பாத்திருக்கும் போல," என்றாள் டானா.

(இருவருக்கும் தாய்வழிக் குலம் ஒன்று. அதனால் அக்கா. கிண்டலடிக்கும் உரிமையும் அதிலேயே அடக்கம்.)

"பழக்கம்டி. வெடிச் சத்தம் கேட்டா செத்துடணும்னு அதுக்கு மண்டையில ஏறிப்போச்சு."

"வேற குதிரை கொண்டாரவா?" என்றான் டெல்பர்ட். ரமோனாவின் தம்பி, குதிரைகளைப் பார்த்துக்கொள்பவன். "இல்ல, வேற அக்காவ கொண்டாரவா? உன்னவிட ஒல்லியா, வாய் கம்மியா ஒருத்தி இருக்கா."

"உன்னயத்தான் முதல்ல மாத்தணும்."

சிரித்தார்கள். அப்போதுதான் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்திருந்த தயாரிப்பாளர் டானாவை ஓரமாக அழைத்துப் பேசினார். திரும்பி வந்தவள் சிரிக்கவில்லை.

"விழுந்ததே நல்லாத்தான் இருக்காம். அப்படியே வெச்சுக்கலாங்கிறாரு. நீ செத்துப்போற, ஷெரீஃப் மண்டி போட்டு அழறான்."

"நீ என்ன சொன்ன?"

"வெளிச்சம் போறதுக்குள்ள இன்னொரு தடவைன்னு சொன்னேன். அப்பவும் விழுந்தா என்னால அவர்கிட்ட மல்லுக்கட்ட முடியாதுக்கா."

ரமோனா என் ஜன்னலுக்கு வந்தாள். "ஸ்டூ சூடா இருக்கா?"

4

இந்த இடத்தில் அவள் கண்ணில் ஒரு துளி நீரை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அது நான் மொழிபெயர்ப்பு நாவல்களில் படித்த பெண்ணின் கண்ணீர். இவள் பொரித்த ரொட்டியை ஆட்டுக்கறிக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள், நன்றாகவே.

எதிரே டெல்பர்ட் சார்ஜென்ட்டின் காதுகளிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தான். ரமோனா மெல்லுவதை நிறுத்தினாள்.

"அது எப்பலேர்ந்து இருக்கு?"

"காலையிலேர்ந்து. சுடுற காட்சின்னா எப்பவும் வெக்கிறதுதானே. சத்தத்துல மிரளக் கூடாதுன்னு."

"அப்ப அதுக்கு வெடிச் சத்தம் கேக்கவே இல்ல."

"எங்கயோ கதவு சாத்துன மாதிரி இருக்கும். ஏன்?"

"கேக்குறது எனக்குத்தான்டா." தட்டைக் கீழே வைத்தாள். ஒரு கையைக் கடிவாளம்போலப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "டுமீல்" என்று தனக்குத்தானே சொன்னாள். அவள் வலது தோள் இறங்கியது. முழங்கால் தளர்ந்தது. "பாரு. நான்தான் முதல்ல சாயறேன். அது பாவம், நான் சொல்றதத்தான் செய்யுது."

டெல்பர்ட் கையிலிருந்த பஞ்சை உருட்டினான். பிறகு, "மிச்சப் பஞ்சு இருக்கு. உன் காதுல வெச்சுக்கறியா?" என்றான்.

"வேணாம். கேக்கட்டும். கேட்டுட்டும் நிமிந்து உக்காரணும்."

5

முடிவுகள்:

அ. குதிரை விழுகிறது. கேமரா அவளைத் தாண்டிப்போய் ஷெரீஃபின் தொப்பியில் நிற்கிறது. (இது அப்பா காலத்து முடிவு.)

ஆ. குதிரை விழுகிறது. கேமரா அவள்மீது நெடுநேரம் நிற்கிறது. மெல்லிய கிட்டார். ஷெரீஃப் அழுகிறான். (இதற்கு விருது கிடைக்கும்.)

இ. அவள் வெற்றி

இல்லை, அந்தச் சொல் வேண்டாம். வீட்டுக்குப் போவதற்குப் பெயர் வெற்றி இல்லை.

ஆகவே நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். வெயில் மேட்டின் விளிம்பில் கடைசியாக நிற்கிறது. ரமோனா வருகிறாள். டானா நகத்தைக் கடிக்கிறாள். சார்ஜென்ட்டின் குளம்புகள் அந்த மெத்தை மண்ணை நெருங்குகின்றன. துப்பாக்கி வெடித்தாயிற்று. ரமோனா சாயவில்லை. அதுவரை நான் எழுதிவிட்டேன், அழிக்க மாட்டேன். அடுத்த பாய்ச்சல் மட்டும் பாக்கி.

அது உங்களுடையது. வெடிச் சத்தத்தைப் படித்ததும் உங்கள் தோளும் லேசாக ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அத்தனை படம் பார்த்த உடம்பு அல்லவா?

நிமிர்ந்து உட்காருங்கள். குதிரைக்கு அது தெரியும்.