‘எளிமை’ என்றொரு சாஃப்ட்வேர்

எங்கள் காலேஜ் வெப்சைட்டில் அறிவிப்பு போட ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. திருச்சியில் ஒரு கம்பெனி செய்து விற்றது. அதற்கு ‘எளிமை’ என்று பெயர். பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள் அதன் முகத்தையாவது ஒருமுறை பார்ப்பார்கள். இவர்கள் அதுகூடப் பார்க்கவில்லை போல.

என் பெயர் ஷர்லி. குளத்தூர் பக்கம் ஒரு நர்சிங் காலேஜில் ஆபீஸ் அசிஸ்டென்ட். எங்கள் பிரின்சிபால் அருள்தாஸ் சாரை வைத்து யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டிக்கர் போட்டார்கள். அன்றைக்கே குரூப்பைக் கலைத்துவிட்டார். இனி எந்த அறிவிப்பும் வெப்சைட்டில் மட்டும்தான் என்று உத்தரவு. போடுகிற வேலை எனக்கு.

போன ஜூன் மாதம் அந்தக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. உங்கள் வசதிக்காக ‘எளிமை’யை மேம்படுத்தியிருக்கிறோம் என்றிருந்தது. திறந்து பார்த்தால் எனக்குத் தெரிந்த பட்டன் ஒன்றுகூடப் பழைய இடத்தில் இல்லை. டிரெயினிங் என்று ஒரு மணி நேரம் வீடியோ காட்டியதோடு சரி.

அடுத்த மாதம் பிராக்டிகல் எக்ஸாம் திங்கட்கிழமையிலிருந்து வியாழக்கிழமைக்கு மாறியது. புது வெர்ஷனில் நான் போடும் முதல் அறிவிப்பு. வெள்ளிக்கிழமையே டைப் செய்து ‘சேமி’யை அழுத்தினேன். பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் நாற்பத்திரண்டு பிள்ளைகள் யூனிஃபார்மோடு வாசலில் நின்றார்கள். கொடும்பாளூரிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த ஒருத்தி, மூன்று மாதக் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். “பால் கட்டிக்கிட்டு வலிக்குதுக்கா. எக்ஸாம் இல்லைன்னா நான் போறேன்” என்றாள். “வியாழக்கிழமை வாம்மா” என்று அவளை முதலில் அனுப்பினேன்.

பிரின்சிபால் அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். நான் போட்ட அறிவிப்பு எங்கே போனது என்று தேடினேன். உள்ளேயே கிடந்தது. புது வெர்ஷனில் ‘சேமி’ என்றால் உள்ளே பூட்டி வைப்பது மட்டும்தானாம். ஊர் பார்க்க வேண்டுமென்றால் மூலையில் இருக்கும் மூன்று கோட்டைத் தொட்டு, ‘ஒர்க்ஃப்ளோ’வுக்குள் போய், அங்கே ‘நிலை’யை மாற்றி, திரும்பவும் சேமிக்க வேண்டுமாம். அப்படியென்றால் அந்தப் பச்சை ‘வெற்றி’ யாருடைய வெற்றி?

புதன்கிழமை கம்பெனி மேனேஜர் பிராங்க்ளின் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அறுபத்துநாலு பக்க கையேடு.

“இது யூசர் எரர் சார். மேடம் டிரெயினிங்கைச் சரியா கவனிக்கலை. கிராமத்துப் பக்கம் இது சகஜம்தான். இன்னொரு மூணு நாள் டிரெயினிங் குடுத்துருவோம்” என்றார், என்னைப் பார்க்காமல்.

பிரின்சிபால் தலையாட்டினார். அவருக்கு ஆங்கிலத்தில் எது சொன்னாலும் உண்மைதான்.

நான் எழுந்து என் நாற்காலியை நகர்த்தினேன். “உக்காருங்க சார். நாளைக்கு எக்ஸாம் பத்து மணிக்குன்னு நீங்களே ஒண்ணு போட்டுக் காமிங்க. நானும் கத்துக்கிறேன்.”

உட்கார்ந்தார். டைப் செய்தார். சேமித்தார். பச்சை ‘வெற்றி’ வந்தது. “அவ்வளவுதான் மேடம்” என்று கையைத் தட்டிக்கொண்டார். பிரின்சிபால் தன் போனில் பார்த்துவிட்டு, “இங்க ஒண்ணும் வரலையே தம்பி” என்றார்.

அடுத்த பதினொரு நிமிடம் பிராங்க்ளின் சார் தன் கம்பெனிச் சரக்குக்குள்ளேயே வழி தெரியாமல் அலைந்தார். கையேட்டைப் புரட்டினார். அதிலிருந்த படங்கள் பழைய வெர்ஷனுடையவை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் அவருக்கு வேர்த்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. நாற்பத்திரண்டு பேரை வெயிலில் நிறுத்தியவருக்குப் பதினொரு நிமிடம் பெரிதா?

கடைசியில் ஆபீஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஹரிணி என்று ஒரு பெண், அதை எழுதிய புரோகிராமர், எடுத்தாள்.

“மேல மூணு கோடு இருக்கும் பாருங்க சார்.”

“அது எதுக்கும்மா கோடு?” என்று நான் குறுக்கே கேட்டேன்.

“அது மெனு ஐகான் மேடம். எல்லாருக்கும் புரியுமே.”

“எல்லாரும்னா யாரு?”

“எங்க ஆபீஸ்ல நாலு பேரு” என்றாள்.

“இதுல யாராவது ஒக்காந்து வேலை செய்றதை என்னைக்காவது பாத்திருக்கீங்களா?”

“இல்ல மேடம்.”

பொய் சொல்லவில்லை. அந்தக் கம்பெனியிலிருந்து நான் கேட்ட முதல் ஒழுங்கான வார்த்தை அதுதான்.

அடுத்த வாரம் ஹரிணி தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள். நாள் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எங்கே தடுமாறுகிறேன் என்று நோட்டில் எழுதினாள். நான் சும்மா விடவில்லை. “இந்த ‘டாக்சானமி’ன்னா என்ன? எந்த ஊரு சாப்பாடு?” என்றேன். “எந்த வகை அறிவிப்புன்னு பிரிக்கிறதுக்கா” என்றாள். முகம் சிவந்தாலும் எழுதினாள். ஒரு சின்ன அறிவிப்புக்கு இருபத்தொரு தடவை மவுஸைத் தட்ட வேண்டியிருந்தது என்று சாயங்காலம் எண்ணிச் சொன்னாள். “வெக்கமா இருக்குக்கா” என்றாள். இருக்க வேண்டியதுதான் என்றேன்.

ஒரு மாதத்தில் மாற்றிக் கொடுத்தாள். திறந்ததும் ‘புது அறிவிப்பு’. எழுதி முடித்தால் கீழே ‘வெளியிடு’ என்று ஒரே பட்டன். அழுத்தினால் பிள்ளைகள் போனில் எப்படித் தெரியுமோ அப்படியே எனக்கும் காட்டும். நாலே தட்டு. பிராங்க்ளின் சார் அதைத் தன் சொந்த யோசனை என்று சொல்லி இன்னும் ஆறு காலேஜுக்கு விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பிரின்சிபாலுக்கு இதில் எதுவும் கண்ணில் படவில்லை. “ஹோம் பேஜ்ல என் போட்டோ எங்க?” என்று கேட்டார். திறந்ததும் அவர் கைகூப்பி நிற்கும் படம் திரை முழுக்க வர வேண்டுமாம். பின்னாலே ரோஜாப்பூ வேறு.

ஹரிணி எனக்குப் போன் செய்தாள். “அக்கா, அது வந்தா அறிவிப்பை மறைச்சுருமே. என்ன பண்றது?”

“அவர் கேட்டபடியே போடும்மா. மூடுற பெருக்கல் குறியை மட்டும் நல்லாப் பெருசா வை.”

வைத்தாள். அந்தப் படத்தை ஒரு ஆள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்றும் சாஃப்ட்வேர் கணக்குக் காட்டும். ஒரு நொடிக்கும் குறைவு. பிரின்சிபால் கேட்டபோது, “எல்லாரும் பாக்குறாங்க சார்” என்று சொல்லிவிட்டு ஹால் டிக்கெட் வேலையைப் பார்த்தேன்.