மூன்றாம் வரிசை கேட்ட கணக்கு

அண்ணன் கல்லூரியில் சேர்ந்த திங்கட்கிழமை காலை, தங்கை வேலைக்குச் சேர்ந்த சட்டைக் கம்பெனியில் மூன்றாம் வரிசைத் தையல் மிஷின்கள் கணக்குப் பாடம் நடத்தத் தொடங்கின. கரகரத்த ஆண்குரல், நடுநடுவே செருமிக்கொண்டது. யாரோ செல்போனை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று சூப்பர்வைசர் எல்லோருடைய பைகளையும் குடைந்து பார்த்தார். மெக்கானிக் வந்து மிஷின்களுக்கு எண்ணெய் விட்டார். அதன் பிறகு பாடம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

அண்ணன் தங்கை என்றாலும் இருவரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். சற்று முந்திக்கொண்ட உரிமையில் அவன் அண்ணன் என்று கூப்பிடச் சொல்வான். அவள் டேய் என்றுதான் கூப்பிடுவாள். பள்ளி இறுதித் தேர்வில் அவளுக்குத்தான் மார்க் அதிகம். பெரிய தெரு மருந்துக்கடைக்காரர் மகன் இவர்கள் இருவரையும்விடக் குறைவாக வாங்கிவிட்டு, எந்தக் கல்லூரியில் கேன்டீன் நன்றாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் அப்பா, ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்க முடியும் என்றார். எந்தப் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. அவளே போகட்டும் என்று அண்ணன் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கை அழவில்லை. வேலை கேட்கப் போன இடத்தில், காலர் கோணலானதால் கழித்துப்போட்டிருந்த ஒரு நீலச் சட்டையைக் கேட்டு வாங்கிவந்து, "உனக்குப் பொருத்தமாத்தான் கோணியிருக்கு, போட்டுட்டுப் போ" என்று அவனிடம் கொடுத்தாள்.

கம்பெனியில் யாரும் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருத்தி காலர் தைப்பாள், அடுத்தவள் கை, அதற்கடுத்தவள் பொத்தான். பாடமும் அப்படியேதான் வந்தது: தொடக்கம் காலர் மிஷினில், நடுப்பகுதி கை மிஷினில், விடை பொத்தான் மிஷினில். அதனால் சாப்பாட்டு நேரத்தில் டப்பாக்களைத் திறந்துவைத்துக்கொண்டு துண்டுகளை ஒன்றுசேர்த்தார்கள். சேர்த்துக் கொடுத்தவள், வரிசைக் கடைசியில் நின்று பிசிறு நூல் கத்தரிக்கும் தங்கை.

"அந்த எக்ஸ் யாருன்னு கடைசியில தெரிஞ்சுதா?" என்று காலர் அக்கா கேட்பாள்.

"ஏழாம்க்கா. ஆரம்பத்துலேருந்தே அதுதானாம், சொல்லாம இருந்திருக்கு" என்பாள் பொத்தான் அக்கா.

ஒரு நாள் பிற்பகல் மிஷின்கள் குறட்டை விட்டன. வீட்டுக்கு வந்ததும், டேய், வகுப்பில் தூங்கினாயா என்று தங்கை கேட்டாள். உனக்கு எப்படித் தெரியும் என்று அவன் திருதிருவென்று விழித்தான். "வரிசை முழுக்கக் கேட்டுச்சுடா" என்று அவள் நடப்பதையெல்லாம் சொன்னாள். அவன் வயிறு வலிக்கச் சிரித்தான். மறுநாள் முதல் பெஞ்சுக்கு மாறியவன் அப்புறம் கல்லூரியில் கண் அசரவே இல்லை.

அடுத்த வாரம் அவனுடைய கோணல் காலரிலிருந்து காலர் அக்காவின் குரல் கேட்டது. "சார், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. துணி ஓடுது."

பேராசிரியர் செருமினார். இத்தனை வருடத்தில் அவரை யாரும் மெதுவாகச் சொல்லச் சொன்னதில்லை. கரும்பலகையை அழித்து முதலிலிருந்து எழுதினார். அன்று முதல் சட்டையைப் பார்த்தே பாடம் நடத்தினார். வருகை எடுக்கும்போது கடைசியாக மூன்றாம் வரிசை என்று கூப்பிட்டார். இருக்கோம் சார் என்று பதில் வரும், பின்னாலேயே சூப்பர்வைசர் அதட்டுவதும் வரும்.

பட்டத் தேர்வு நெருங்கியது. தங்கைக்கு இதை விட்டால் ஆயுள் முழுக்க நூல் கத்தரிப்புதான். மூன்றாம் வரிசையையும் பரீட்சை எழுத விடச் சொல்லிப் பேராசிரியர் கேட்டார். வாசல் மிதிக்காத பெண்களுக்கு என்ன பரீட்சை என்று கல்லூரி முதல்வர் மறுத்தார்.

"என் வகுப்புல கேள்வி கேக்கறதே அவங்கதான் சார். அவங்க வரலைன்னா, நான் யாருக்கு நடத்தினேன்?" என்றார் பேராசிரியர்.

முதல்வர் அண்ணனை அழைத்துவரச் சொல்லி, சட்டைப் பக்கம் காதைக் கொடுத்தார். மிஷின் சத்தத்துக்கு நடுவில் காலர் அக்கா, "என்னடி சொல்றார் அந்த மனுஷன்? சரிங்கறாரா, இல்ல நாமளே நேர்ல போய் நிக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதல்வர் சரி என்றார்.

தங்கை நல்ல மார்க்கில் தேறினாள். காலர் அக்கா ஒரு தாளில் கோட்டைவிட்டு, மறுமுறை எழுதித் தேறினாள். தங்கைக்கும் அண்ணனுக்கும் ரிசல்ட் வந்த அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், "ரெண்டும் பாஸ்" என்று சொல்லிக்கொண்டே மருந்துக்கடைத் தெருவில் இரண்டு தடவை நடந்தார்.

இப்போது அந்த வகுப்பைத் தங்கைதான் நடத்துகிறாள். அண்ணன் படித்து முடித்துப் போய்ப் பல வருடம் ஆகிறது. முதல் பெஞ்சில் அவன் இடத்தில் நீலச் சட்டை இருக்கிறது. மூன்றாம் வரிசைக்கு ஆட்கள் மாறிவிட்டார்கள், கேள்விகள் குறையவில்லை. கம்பெனியில் கரண்ட் போனால் இங்கே அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவாள். அங்கே கரண்ட் வரும்வரை பிள்ளைகள் கதை பேசுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் முதல் வாரத்தில் மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார்கள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.