இந்த இடம் பூச்சிகளுக்கு

அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்திய அம்மாளுக்கு, ஓய்வுக்குப் பிறகு பூச்சிப் பைத்தியம் பிடித்தது. அடுக்குமாடியின் பின்சுவரோரம் கட்டில் அகல மண்ணில் பூச்செடி வைத்தாள். வண்டுக்குச் சருகு குவித்தாள், மரவட்டைக்கு உடைந்த ஓடுகளை அடுக்கினாள். மூங்கில் துண்டுகளைக் கட்டிச் சுவரில் மாட்டினாள். கூட்டமாக வாழாத ஒரு வகைத் தேனீ அந்தத் துளைக்குள் முட்டையிட்டு வாயை மண்ணால் அடைத்துவிடும். உள்ளே புழு வளர்ந்து, தேனீயாகி, மண்ணை உடைத்துக்கொண்டு வரும்.

"ஊரே பூச்சியை விரட்டுது, நீங்க விருந்து வைக்கிறீங்க!" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். அந்த மூலையில் ஸ்கூட்டர் நிறுத்த அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. "இந்த மாசத்துக்குள்ள ஒரு தேனீயாவது வெளிய வரட்டும். இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணிடுங்க."

பதினாறு துளைகள் அடைபட்டிருந்தன. அம்மாள் தெம்பாகத்தான் இருந்தாள். யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று ஒரு பலகையும் நட்டாள். தானே எழுதினாள்: 'இந்த இடம் பூச்சிகளுக்கு.'

வியாழக்கிழமை கண் டாக்டரிடம் போய்த் திரும்பியபோது வாசலிலேயே மருந்து நெடி. மாதாமாதம் கரப்பானுக்கு மருந்தடிக்க வருபவர் வீடுகளுக்குள் மட்டும்தான் அடிப்பார். இன்று வந்திருந்தது புது ஆள்.

"பின்பக்கம் அடிச்சியாப்பா?" என்று அவனைக் கேட்டாள்.

"பூச்சிக்குன்னு போர்டே வெச்சிருக்கே, விடுவேனாம்மா? மத்த இடமெல்லாம் ஒரு தடவை, அங்க மட்டும் ரெண்டு தடவை. மூங்கில் வாயில இருந்த மண்ணைக்கூடக் குத்திவிட்டு உள்ள அடிச்சிட்டேன். ஒண்ணும் தப்பாது."

தலைவலிக்கு மாத்திரை, இருமலுக்கு மருந்து, பூச்சிக்கு? அவன் படித்ததில் என்ன தப்பு? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரார் பிழையைத் தேடியவள், தன்னுடைய ஒரே வரியில் கோட்டைவிட்டாள். அவன்மேல் கோபப்படக்கூட வழியில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பின்னால் போய் ஒரு மூங்கிலைப் பிளந்தாள். உள்ளே வரிசையாக ஐந்து தேனீக்கள். இறக்கை முழுசாக வளர்ந்திருந்தது. இன்னும் இரண்டு நாளோ மூன்று நாளோ போயிருந்தால் பறந்திருக்கும்.

மருந்துக்காரன் தாளோடு பின்னாலேயே வந்தான். "செயலாளர் சார் வெளிய போயிட்டார். நீங்களே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, வேலை திருப்தின்னு. இல்லேன்னா என்னைத்தான் கேப்பாங்க."

மூங்கிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள்.