இரண்டாவது ஆள்

வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது கன்னத்தில் நுரை தடவியபோதுதான் மகள் கவனித்தாள். அப்பா மூச்சு விடவில்லை.

"அப்பா, முகத்தை இந்தப் பக்கம் திருப்புங்க" என்றாள். இன்னொரு முறையும் சொன்னாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள், மார்பில் காதை வைத்துப் பார்த்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் அழுகை கேட்டு மாடியேறி வந்த கீழ் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு விருது. தொலைக்காட்சி அரசியல் செய்தியாளர்களில் அந்த ஆண்டின் சிறந்தவர் என்று. மேடைக்குப் போகத் தெம்பில்லாததால் கேமராவே வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. "தாடியோட வாங்கினா, சீக்காளிக்குப் பாவம் பாத்துக் குடுத்ததுன்னு சொல்லுவானுங்க" என்று காலையில் அவரே சொன்னதால்தான் இந்தச் சவரம்.

டாக்டர் வந்துகொண்டிருந்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செய்தி அறைக்குப் போன் போட்டாள். அங்கே இப்போது பொறுப்பில் இருப்பவள் அப்பாவின் பழைய உதவியாளர். நாற்பது வயதாகியும் அப்பாவுக்கு அவள் 'வாலு'தான். விஷயத்தைக் கேட்டதும் வாலு விம்மினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, கூட வேற யாரு இருக்காங்க?" என்றாள்.

அம்மாவுக்குப் புரிந்தது. போனை மகளிடம் நீட்டினாள். மகள் வாங்கவில்லை.

போன வருடம் ஒரு கட்சித் தலைவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் போய்விட்டார் என்று எல்லாச் சேனலும் போட்டி போட்டுக்கொண்டு சொல்லின. அப்பா மட்டும் மறுத்தார். நேரில் பார்த்த இரண்டு பேர் தங்கள் வாயால் சொல்லாமல் யாருடைய சாவும் தன் செய்தியில் வராது என்றார். வேலையே போய்விடும் என்று முதலாளி குதித்தும் அசையவில்லை. அந்த நேரத்தில் தலைவரின் மனைவி, கணவரின் சூடான கையைப் பிடித்தபடியே, அவர் இறந்த செய்தியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் இறந்தது மறுநாள். "ஒரு மனுஷனோட கடைசி நாளைத் திருட நமக்கு என்ன உரிமை?" என்று அப்பா கேட்டார். அதற்குத்தான் இந்த விருது.

மகள் டிவியில் சேனலை மாற்றிக்கொண்டே போனாள். ஒன்றில் அப்பாவின் படத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டுவிட்டார்கள். இன்னொன்றில், அவர் கேள்விகளுக்கு வியர்த்து வழிந்த ஓர் அமைச்சர் அவரைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்பாவின் சேனலில் மட்டும் அடியில் பழைய வரி ஓடிக்கொண்டிருந்தது. இன்று மாலை விருது பெறுகிறார் நம் மூத்த செய்தியாளர்.

அந்த ஒரே சேனலில் அப்பா உயிரோடிருந்தார். அவள் வாயைத் திறக்காதவரை இருப்பார்.

மகள் ரேசரை எடுத்தாள். இடது கன்னத்தை மெதுவாக மழித்தாள். அம்மா தடுக்கவில்லை. கட்டில்மேல் துண்டிக்காமல் கிடந்த போனில், செய்தி அறையில் யாரோ கத்துவது கேட்டது. "ஊரே போட்டாச்சு! நம்ம ஆளு, நாம மட்டும் போடாம உக்காந்திருக்கோம்!" வாலுவின் குரலும் கேட்டது. "போட மாட்டேன் சார். வேணும்னா என்னை அனுப்பிடுங்க."

"அவ அங்க திட்டு வாங்குறாடி" என்றாள் அம்மா.

"தேர்தல் வந்தா மாசக்கணக்கா வீட்டுக்கே வரமாட்டாரேம்மா. நான் அப்பாவைப் பாத்ததே டிவியிலதானே. அங்கயாவது இருக்கட்டுமே."

அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "காலையில இன்னொரு காப்பி கேட்டாரு. கூடாதுன்னுட்டேன். குடுத்திருக்கலாம். பாவி, குடுத்திருக்கலாம்." அவள் உடம்பு குலுங்கியது. "சொல்லிடும்மா. அவரு பேச்சை அவரு சாவுல நாமளே மீறக் கூடாது."

மகள் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"நேர்ல பாத்தியா, கண்ணு?" என்றாள் வாலு.

"என் கையிலதான்..."

"முழுசாச் சொல்லும்மா. உங்க அப்பா இருந்தா முழுசாச் சொன்னாத்தான் ஒத்துப்பாரு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். சவரம் செய்த முகம் பத்து வயது குறைந்தாற்போல் இருந்தது.

"எங்க அப்பா செத்துட்டாரு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"நன்றிங்க" என்றாள் வாலு, செய்தி சொல்லும் எல்லோரிடமும் சொல்லிப் பழகிய வாயால். அடுத்த நொடி அவளும் உடைந்தாள்.

டிவியில் அந்த விருது வரி ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. திரையின் குறுக்கே நகர்ந்து, எழுத்து எழுத்தாக இடது ஓரத்தில் போய் மறைந்தது. அதன் பின்னால் வேறெதுவும் வரவில்லை. வரி ஓடிய நீலப் பட்டை கொஞ்ச நேரம் வெறுமனே இருந்தது.